வாயு மூலையும் மேலவீட்டுக் கிணறும்

எங்கள் ஊரில் கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே செப்டிக் டேங்க் பேச்சை எடுக்கலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். "உங்க வீட்டு டேங்கை எப்ப எடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்பார். "எடுக்கறதா? கட்டுன நாள்லேருந்து மூடியத் தொறந்ததே இல்லையே!" என்று பக்கத்து இலைக்காரர் நிமிர்ந்து உட்காருவார். பையனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்ததைச் சொன்னபோதுகூட அவருக்கு அந்த நிமிர்வு வந்ததில்லை. நானும் பல பந்திகளில் நிமிர்ந்தவன்தான். வீடு கட்டினேன், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தேன், பேரன் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். டேங்க் மட்டும் நிறையவே இல்லை. அதை என் நிர்வாகத் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடியே இல்லாத டேங்க் எப்படி ஐயா நிறையும்?

வீடு கட்டும்போது மேஸ்திரி என்னைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "சார், அடியில கான்கிரீட் போட்டா மூணு வருஷத்துக்கு ஒருதரம் லாரி கூப்பிடணும். தண்டச் செலவு. நான் ஜல்லியக் கொட்டி உட்டுடறேன். தண்ணியெல்லாம் மண்ணு குடிச்சுக்கும். உங்க காலத்துக்கும் கவலை இல்ல." கான்கிரீட் காசும் மிச்சம், லாரிக் காசும் மிச்சம். நானோ கூட்டுறவு சங்கத்தில் வாழ்நாள் முழுக்கக் கணக்கெழுதியவன். மிச்சம் என்ற சொல் காதில் விழுந்தாலே உருகிவிடுவேன். அவருக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்துக் கௌரவித்தேன். மண் குடித்த தண்ணீர் அதற்கப்புறம் எங்கே போகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேட்டியாவது மிஞ்சியிருக்கும்.

டேங்க் எந்த இடத்தில் வரவேண்டும் என்பதை முடிவு செய்தவர் மேஸ்திரி இல்லை, வாஸ்துக்காரர். திசைகாட்டியும் விபூதியுமாக வந்தார். கிணறு ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில். கழிவுத்தொட்டி வாயு மூலையில், அதாவது வடமேற்கில். இந்த மனைக்கு இதைவிடப் பொருத்தம் அமையாது என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கிணறு ஒரு கோடி, டேங்க் ஒரு கோடி, நடுவில் முழு வீடு. பிசகு எங்கே என்றால், எங்கள் தெருவில் எல்லோரும் அதே வாஸ்துக்காரரைத்தான் கூப்பிட்டிருந்தோம்.

ஒரு காகிதத்தை எடுத்து, கிழக்கு மேற்காக ஒட்டி ஒட்டி மூன்று வீடு வரைந்து பாருங்கள். நடு வீடு என்னுடையது. என் வடமேற்கு மூலை எங்கே போய் முட்டுகிறது? மேலவீட்டுப் பெரியவரின் வடகிழக்கு மூலையில். அங்கே அவருடைய கிணறு. என் வடகிழக்கு மூலையில் என் கிணறு. சுவருக்கு அந்தண்டை கீழவீட்டு மாப்பிள்ளையின் வடமேற்கு மூலை. அங்கே அவருடைய டேங்க். ஆக, சாஸ்திரம் அணுவளவும் பிசகாமல், தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கிழக்கு வீட்டுக்காரர் கழித்ததை... வேண்டாம், நீங்கள் சாப்பிட்ட கையோடு படித்துக்கொண்டிருக்கலாம்.

கழிவுநீர் இறங்குகிற குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது பத்து மீட்டராவது இருக்கவேண்டும், மணல் பூமியாக இருந்தால் இன்னும் தள்ளிப்போக வேண்டும் என்பது பொறியாளர்கள் கணக்கு. மண்ணும் சும்மா இருப்பதில்லை. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே காய்ந்த மண் ஆளுயரத்துக்கு இருந்தால் அது கிருமியைப் பெருமளவு வடிகட்டிவிடும். ஐப்பசி அடைமழையில் கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும்போது அந்த மண்ணும் இல்லை. குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கும். எங்களுக்கு நடுவே இருந்தது ஒரு செங்கல் சுவர். அதுவும் பொதுச் சுவர். பாதிச் செலவு என்னுடையது.

இந்த ஞானமெல்லாம் எனக்குத் தானாக வரவில்லை. வாயைக் கொடுத்து வாங்கியது.

2019இல் ஜல் ஜீவன் திட்டம் வந்து, பிறகு எங்கள் ஊரிலும் வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. வீட்டில் ஐந்து பேர் என்றால் 275 லிட்டர். வீட்டுக்குள் வருகிற தண்ணீரில் ஏறக்குறைய எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வெளியே வரும் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் சாக்கடைக்குக் கணக்குப் போடுவார்கள். அப்படியென்றால் தினம் 220 லிட்டர். குடத்தில் தூக்கி வந்த காலத்தில் ஒரு சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, மிச்சத்தைத் துளசிக்கு ஊற்றிய குடும்பம் எங்களுடையது. குழாய் வந்ததும் பேரன் பல் தேய்க்கிற நேரத்தில் ஒரு நாற்றங்காலுக்குப் பாய்ச்சிவிடலாம். இவ்வளவும் தெருச் சாக்கடையில் ஓடி வந்தது. தெருக்கோடியிலிருந்து அழகாகச் சிமெண்ட் பூசிக்கொண்டு வந்த அந்தச் சாக்கடை, ஒதுக்கிய பணம் தீர்ந்த இடத்தில் நின்றுபோயிருந்தது. பணம் தீர்ந்த இடம் என் வீட்டு வாசல்.

சும்மா இருப்பேனா? மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக் கிராம சபைக் கூட்டம். எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, 55 லிட்டரில் தொடங்கி எண்பது சதவீதம் வரை புள்ளிவிவரமாகப் பொழிந்தேன். "தண்ணீர் வரும் வழி பார்த்தீர்கள், போகும் வழி பார்த்தீர்களா?" என்று முடித்தபோது கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தவும் செய்தேன். அந்த இடைவெளியில் பின்வரிசையிலிருந்து நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் கேட்டார்: "ஏன் சார், உங்க வீட்டுத் தண்ணி எங்க சார் போவுது?"

எங்கே போகும்? குளியலறைக் குழாயைச் சுவர் வழியாக அந்தச் சாக்கடையில்தான் விட்டிருந்தேன். கைதட்டல் அப்போது வந்தது.

விளைவு, முன்மாதிரி உறிஞ்சுகுழி முதலில் என் வீட்டில்தான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் அதே அளவு. அடியில் கருங்கல், அதன்மேல் உடைகல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல். குழிக்குள் விழுமுன் சோற்றுப்பருக்கையும் சேறும் தங்கிப்போக ஒரு சின்னத் தொட்டி. எல்லாம் முறைப்படிதான் செய்தார்கள். இடத்தை மட்டும் நான் காட்டினேன். ரோஜாச் செடி கெடக்கூடாது, கார் நிற்கிற இடம் கெடக்கூடாது என்று வீட்டுக்குப் பின்னால் இருப்பதிலேயே கெட்டியான களிமண்ணைத் தேடிக் காட்டினேன். வெட்ட வந்த அம்மாவே கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "சார், இது பானை செய்யற மண்ணு சார்" என்றார். எனக்குத் தெரியாதா என்பது மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தேன். களிமண் தண்ணீரை உறிஞ்சாது, தாங்கிப் பிடிக்கும். பானையை அதனால்தான் அந்த மண்ணில் செய்கிறார்கள்.

சில வாரத்தில் குழி தளும்பியது. அப்பளம் பொரித்த எண்ணெயும் சோப்பு நுரையும் சேர்ந்து ஜல்லியின் இடுக்கையெல்லாம் மெழுகிவிட, அதன்மேல் ஒரு சாம்பல்நிற ஆடை படர்ந்தது. பேரன் அதில் காகிதக் கப்பல் விட்டான். கொசுக்கள் குடும்பத்தோடு குடியேறின. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், "இது இன்னும் செட் ஆகணும்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அதே அம்மாதான் வந்து, "நாலு வாழைய வெச்சு, சுத்தியும் கல்வாழைய நட்டு, தண்ணிய ஆழத்துல எறக்காம மேலாக்க பரவ உடுங்க. எங்காத்தா காலத்துல துவைக்கிற கல்லுத் தண்ணி வாழைக்குத்தான் போச்சு, குழியா வெட்டிக்கிட்டிருந்தோம்?" என்று சொல்லிவிட்டுப் போனார். செய்தோம். வாழை மேல்மண்ணிலிருந்து குடித்து இலைவழியே காற்றில் விட்டுவிடுகிறது. இப்போது அங்கே குட்டை இல்லை, தார் தள்ளியிருக்கிறது. யோசனை அந்த அம்மாவுடையது, தண்ணீர் ஊற்றுவது என் மனைவி, பழம் பேரனுக்கு. வெட்டிய கூலிக் கணக்கில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

கறுப்பு பாட்டில் கதைக்கு வருகிறேன். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுப்பார்கள். எங்கள் ஊரின் ஐவரில் என் மனைவியும் ஒருத்தி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். அதில் ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது; தண்ணீரைக் கோடுவரை ஊற்றி இறுக்கி மூடி ஒன்றிரண்டு நாள் ஓரமாக வைத்துவிட வேண்டும். நிறம் மாறாவிட்டால் நல்லது. கறுத்துப்போனால் மலத்தில் இருக்கிற கிருமி அதில் இருக்கிறதென்று சந்தேகப்பட வேண்டும். குழாய் வந்த பிறகும் குடிக்கக் கிணற்றுத் தண்ணீர்தான் என்று வீம்பு பிடித்தவன் நான். அவள் எங்கள் கிணற்றில் வாளியைப் போட்டபோது, "இதை எதுக்குச் சோதிக்கற? இளநீர் மாதிரி இருக்கு" என்றேன். அவள் பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தாலே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை காபி டம்ளருக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தாள். கன்னங்கரேலென்று இருந்தது.

"இதென்ன, டிகாக்‌ஷனா?"

"உங்க இளநீர்."

எனக்கு வந்த கோபத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு, பாட்டிலைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு கீழவீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொந்தம் எதுவும் இல்லை. ஊர் முறைக்கு மாப்பிள்ளை, நான் மாமா. அடியில்லாத டேங்கைக் கட்டிப் பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கெடுப்பவன் மனுஷனா என்கிற ரீதியில் ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது நியாயந்தான் மாமா. என் கிணறும் கறுப்புதான்னு அத்தை நேத்தே சொல்லிட்டாங்க. எனக்குக் கிழக்கால ரைஸ்மில்லு. நான் யாருகிட்டப் போயி பாட்டிலக் காட்ட?" என்றார். பிறகு எட்டிப் பார்த்து, "மாமா, உங்க வாசல்ல பெரியவரு நிக்கறாரு போல" என்றார்.

மேலவீட்டுப் பெரியவர்தான். அவர் கையிலும் ஒரு பாட்டில். என் மனைவி பாரபட்சம் பார்க்காதவள்.

அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. "தம்பி" என்று ஆரம்பித்தார், அந்த ஒரு சொல் மட்டும்தான் அச்சேறும்.

ஆக, டேங்கைத் திறந்து சரிசெய்வது என்று தீர்மானம். லாரி வந்தது. தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவர் யானைத் தும்பிக்கை கனத்துக்கு இருந்த குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கேட்டார்: "மூடி எங்க சார்?"

பெண் கல்யாணத்தின்போது அந்த இடத்துக்கெல்லாம் கிரானைட் போட்டிருந்தேன். சம்பந்தி வீட்டார் வரும்போது செப்டிக் டேங்க் மூடி கண்ணில் படக்கூடாது என்று நானே நின்று மூடவைத்தேன். வேலை அவ்வளவு சுத்தம். இப்போது எனக்கே கண்ணில் படவில்லை. நான் ஓர் இடத்தைக் காட்டினேன். மனைவி வேறோர் இடத்தைக் காட்டினாள். என் இடத்தை முதலில் உடைத்தோம், அப்புறம் அவள் இடத்தை. மூடி அவள் காட்டிய இடத்தில் இருந்தது. இதை நான் சொல்லாவிட்டாலும் நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

திறந்தால் தண்ணீரே இல்லை. எல்லாவற்றையும் மண் குடித்துவிட்டு, கெட்டியான கசடு மட்டும் மிச்சம். குழாய் இழுக்கவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவர், "ஆளை எறக்கி வாளியில அள்ளிடலாமே" என்றார், ரொம்பச் சாதாரணமாக. அந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். உள்ளே இருக்கிற விஷவாயு மனிதனைக் கூப்பிடக்கூட அவகாசம் கொடுக்காமல் சாய்த்துவிடும். முதலில் இறங்கியவரைத் தூக்க இறங்குகிற இரண்டாமவரும் சேர்ந்து சாகிற செய்தி பேப்பரில் வராத வருஷமில்லை. இப்படிப் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்று 2013ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. கசடில் தண்ணீரைப் பீய்ச்சி இளக்கி, லாரியே உறிஞ்சட்டும், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன் என்றேன். லாரிக்காரர் மணிக்கணக்குக்குத் தனியாகக் காசு என்றார். ஒப்புக்கொண்டேன். மேஸ்திரி சொன்ன மிச்சம் அன்றைக்கே பாதி கரைந்தது.

"எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று கேட்டேன். லாரிக்காரர் வானத்தைப் பார்த்தார். மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில் 2017இலேயே இதற்கென்று ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டி, கசடைப் பாத்திகளில் உலர்த்தி எருவாக்குகிறார்கள். அதற்குப் பிறகு பல ஊர்களில் வந்துவிட்டது என்று என் புலமையைக் காட்டினேன். "இங்கயும் இருக்கு சார். தூரம். டீசல் யாரு போடறது?" மீதிப் பாதியும் கரைந்தது.

புதிதாக என்ன கட்டுவது என்பதில் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. நான் இரட்டைக் குழி என்றேன். ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்கு மாற்ற வேண்டியது. மூடிய குழி இரண்டு வருஷத்தில் வாடையில்லாத எருவாகிவிடும். "2017 பிப்ரவரியில தெலங்கானாவுல கங்காதேவிபள்ளின்னு ஒரு கிராமத்துல, மத்திய அரசு செயலாளர் பரமேஸ்வரன் ஐயர் தானே குழிக்குள்ள எறங்கி எருவ அள்ளினார், தெரியுமா?" என்றேன். "வீட்டுக்குப் போனதும் அவங்க வீட்டம்மா எந்த வாசல் வழியா உள்ள விட்டாங்களாம்?" என்று மனைவி கேட்டாள். அந்த விவரம் என்னிடம் இல்லை. பக்கத்து முசிறியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பொதுக் கழிப்பறையில் சிறுநீரைத் தனியாகப் பிரித்து உரமாக்கி, வந்து போனவர்களுக்கே காசு கொடுத்தார்கள், 2008 வாக்கில் பேப்பரெல்லாம் அதைப் பற்றி எழுதின என்று அடுத்ததை எடுத்தேன். "அப்ப அங்கயே ஒரு வேலை பார்த்திருக்கலாம் நீங்க, சங்கத்துல குடுத்ததைவிட மேல வந்திருக்கும்" என்றாள்.

உண்மையில் எங்கள் இடத்துக்கு இரட்டைக் குழி ஆகாது. ஒரு பக்கம் களிமண், இன்னொரு பக்கம் கிட்டத்திலேயே கிணறு. ஆகவே அடியிலும் சுவரிலும் கசியாமல் பூசி, நடுவே தடுப்புச் சுவர் வைத்த இரண்டறைத் தொட்டியாகத்தான் கட்டினோம். முதல் அறையில் கனமானது அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுத்தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். காற்றில்லாமல் வாழ்கிற நுண்ணுயிர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரும் சுத்தமில்லைதான். அதை ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட ஒரு பாத்திக்குள் விட்டிருக்கிறோம், கிணறுகளுக்கு எட்டாத தெற்குப் பக்கமாக. பிரான்ஸில் மூராஸ் என்றொருவர் 1860 வாக்கில் தன் வீட்டுக்கு இப்படியொரு மூடிய தொட்டி கட்டி, பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தாராம். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே கசடு இருந்ததாம். அவருக்கு அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நான் திறந்து பார்த்ததற்கு எனக்குக் கிரானைட் பில் கிடைத்தது.

தெற்குப் பக்கம் கழிவுநீர் போகலாமா என்று வாஸ்துக்காரர் ஒருமுறை வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார். காபி கொடுத்தோம். குடிக்கிறதுக்கு முன்னால், "இது எந்தத் தண்ணி?" என்று கேட்டார்.

மூடி இப்போது வெளியிலேயே, பார்க்கிறவர் கண்ணில் படுகிற மாதிரி இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி கூப்பிட வேண்டிய தேதியை மனைவி காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறாள். டேங்கை மாற்றிவிட்டாலும் மேலவீட்டுக் கிணறு தெளிய நாளாகும் என்பதால் பெரியவர் கேன் தண்ணீர் வாங்குகிறார். மாதம் பிறந்தால் அந்தக் காசை என்னிடம் வாங்கிக்கொள்கிறார். நான் என் கேன் காசைக் கீழவீட்டு மாப்பிள்ளையிடம் வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளை ரைஸ்மில்லில் வாங்கிக்கொள்கிறார். ரைஸ்மில்காரர் போன மாதத்திலிருந்து அரைவைக் கூலியை ஏற்றிவிட்டார்.